பின்னால் வருகிறவள்

சேவூர்,
12.6.1980

பவுல்துரை அவர்களுக்கு,

இதைத் தங்கை எழுதுகிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலை ஏறத் தெரிந்த ஒருவரிடம், ஏறத் தெரியாத ஒருத்தி விவரம் கேட்டு எழுதுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இருபது வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே வாழ்ந்த உடம்பு. பாதம் மரத்துப்போகிறது. வேலூர் டாக்டர், மருந்து பாதி, நடை பாதி என்று சொல்லி அனுப்பினார். இவரும் ஏரிக்கரையில் நடக்கப் போனார். பத்தடிக்கு ஒருத்தர் நிறுத்தி, "இன்னா கிருபா, எங்க போய்கினு கீற?" என்கிறார்கள். "சும்மாதான் நடக்கிறேன்" என்றால், "சும்மா எதுக்கு நடக்கணும்? ஏறு சைக்கிள்ல" என்கிறார்கள். மூன்றாம் நாள் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். "மலைமேல எவனும் கேரியர்ல ஏறுன்னு சொல்லமாட்டான். சனிக்கிழமை சனிக்கிழமை மலைக்குப் போலாம், எல்லாருமா" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் இன்னும் விடவில்லை.

எங்கள் மூன்று பேரில் ஒருவரும் மலை ஏறினதில்லை. எஸ்தருக்கு ஒன்பது வயது. அவரைத் தனியாக அனுப்பவும் எனக்குப் பயம், கூடப் போகவும் பயம். காரணத்தை உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் காணும் பொங்கலன்று நீங்கள் அம்மணியை நெடும்பாறை மலைக்குக் கூட்டிப்போனீர்கள். கல்யாணமாகி நாலு மாசம். மாலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். உயிர் இல்லை. பட்டு முறுக்கும் ஆலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். அவளை உங்களுக்குக் கட்டிவைத்தவள் நான். என்ன நடந்தது என்று அன்றும் நீங்கள் முழுசாகச் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் தங்கவயலுக்குப் போய்விட்டீர்கள்.

அதை இப்போது கேட்கவில்லை. சர்வேக்காரர்களுக்கு அளவுச் செயின் பிடித்து நாலு வருஷம் மலை மலையாக ஏறினவர் என்பதால் கேட்கிறேன். முதலில் எங்கே போவது? என்ன எடுத்துக்கொள்வது? சர்க்கரைக்காரர் ஏறலாமா?

உங்கள் இப்போதைய விலாசத்தை ஆயரிடம் வாங்கினேன். அவர் சந்தோஷப்பட்டார். தப்பாக நினைத்துக்கொண்டார்.

கி. ஜெபராணி


மாரிக்குப்பம், தங்கவயல்,
25.6.1980

ஜெபராணிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா போய்விட்டதாகச் சேதி வந்த நாள் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் இதுதான். நல்லவேளை, இது அந்த மாதிரிச் சேதி இல்லை.

கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

தேவிகாபுரம் கோயில் மலையில் ஆரம்பி. படி இருக்கிறது. உச்சி வரைக்கும் போயே ஆக வேண்டும் என்றில்லை. முதல் நாள் பாதிப் படி போதும், இறங்கிவிடுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். முதல் பஸ்ஸில் போய் வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை வெறுங்காலோடு ஏறக் கூடாது. ரப்பர் செருப்பும் ஆகாது, கேன்வாஸ் ஷூ வாங்கு. காலுக்கு உணர்ச்சி கம்மி என்கிறாய். முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நீ பாதத்தைப் பார். மடியில் வெல்லக்கட்டி இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே வாயில் போடு. தண்ணீரைக் கடகடவென்று குடிக்க விடாதே.

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

யார் மெதுவாக நடப்பாரோ அவர்தான் முன்னால் போக வேண்டும். இதில் மட்டும் மாற்றமே கூடாது. தெம்பு இருக்கிறவர் முன்னால் போனால் பின்னால் இருக்கிறவரை மறந்துவிடுவார்.

நெடும்பாறைக்கு மட்டும் வேண்டாம். மற்ற எந்த மலைக்கும் போங்கள்.

எஸ்தரை நான் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்கவில்லை.

பவுல்துரை


சேவூர்,
20.7.1980

பவுல்துரை அவர்களுக்கு,

நேற்றுப் போய் வந்தோம். விவரம் தெரிவிப்பது மரியாதை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அவரை முன்னால் விட்டோம். அவருக்கு ஒரே அவமானம். "ஆம்பளய முன்னால வுட்டு ரெண்டு பேரும் எருமய ஓட்டிகினு வர்ற மாதிரி வர்றீங்களே" என்றார். எஸ்தர் சிரித்த சிரிப்பில் ஓர் இடத்தில் உட்கார்ந்தேவிட்டாள். ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்றோம். பாதிக்கு மேல் ஒரு மண்டபம் வந்தது. அங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு இறங்கினோம். இன்றைக்கு எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு குந்தி எழ முடியவில்லை. அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை, பார்த்தேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஏறும்போது நான்தான் கடைசி. ஓர் இடத்தில் எஸ்தர் திரும்பி என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். "அம்மா, அந்த அக்காவுக்கு வழி வுடு" என்றாள்.

"எந்த அக்கா?"

"பின்னால வந்துகினு கீறாங்களே. நாம நின்னா அவங்களும் நின்னுட்றாங்க."

திரும்பினேன். படி காலியாக இருந்தது. வெகு கீழே ஓர் ஆடு எதையோ மென்றுகொண்டு நின்றது. "யாரும் இல்லியே" என்றேன். எஸ்தர் எட்டிப் பார்த்து, "போய்ட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக நடந்தாள். அம்மணி என்று ஒருத்தி இருந்ததையே அவளிடம் நான் சொன்னதில்லை. வீட்டில் அவள் படம்கூட இல்லை.

கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மணியின் அம்மா வந்தார். அது அவர் ஊர்தானே. நான் மறைந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். தலையில் புல்கட்டு. என் புடவை ஓரத்து மண்ணைப் பார்த்து, "மலைக்கா போய்ட்டு வர்ற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்கண்ணன் கீறானா?" என்றார். "கீறாரு" என்றேன். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பஸ் வந்துவிட்டது.

ஜெபராணி


மாரிக்குப்பம்,
10.8.1980

ஜெபராணிக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் மறுபடியும் யாரோ வருகிறார்கள் என்று சொன்னால் திட்டாதே. எல்லோரும் நில்லுங்கள். திரும்பிப் பாருங்கள். யாரும் இல்லை என்றாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டு நடங்கள்.

இங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, செவிட்டுப் பவுல். சுரங்கத்துக்குள் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. வெடிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று நினைக்கிறார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை ஆழத்தில், காற்றே நுழையாத இடத்தில், என்னைக் கூப்பிடுகிற ஒரு குரல் உண்டு. அது எது, கூட வேலை செய்கிறவர் குரல் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் எதற்குமே திரும்புவதில்லை. மலையே இல்லாத இடமாக இருக்கட்டும் என்றுதான் பூமிக்குள் இறங்குகிற வேலையைத் தேடிக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

அத்தையை மறுபடி பார்த்தால், நான் இல்லை என்றே சொல்லிவிடு.

பவுல்துரை


சேவூர்,
2.12.1980

அண்ணனுக்கு,

மேலே எழுதின சொல் தானாக வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

இதுவரை ஆறு தடவை போய்விட்டோம். தேவிகாபுரத்தில் உச்சி வரை ஏறியாகிவிட்டது. அதற்கப்புறம் போளூர்ப் பக்கம் ஒரு கரட்டுக்குப் போனோம். படியும் இல்லை, பாதையும் இல்லை. ஆடு போன தடத்திலேயே போனோம். இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டரே நம்பாமல் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். இப்போது இவர் பெரிய மலைக்காரர். தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டு, நூல் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மூச்சை எப்படி விடுவது என்று பாடம் நடத்துகிறார்.

எனக்கும் பிடித்திருக்கிறது. அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. தறிக்கு நூல் தார் சுற்றிச் சுற்றி என் கண் ஒரு முழத்துக்கு அப்பால் பார்ப்பதையே மறந்திருந்தது. கரட்டு மேல் நின்று பார்த்தபோது அழுகை வந்தது. நாலு மாசக் கல்யாணப் பெண் இதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டுப் போயிருப்பாள் என்று உடனே நினைத்தேன். சந்தோஷம் அதோடு போய்விட்டது.

எஸ்தர் அப்புறம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்று இருக்கிறது. எப்போதும் நான்தான் கடைசியாக நடக்கிறேன். கடைசி ஆள் நானில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முள்செடிக் கிளையை விலக்கிவிட்டு நான் போனதும், அது சட்டென்று திரும்பி அடிக்க வேண்டும் அல்லவா? சில சமயம் அடிப்பதில்லை. பிடித்துக்கொண்டு யாரோ பின்னால் வருகிற மாதிரி மெதுவாகத் திரும்புகிறது. நான் பைத்தியமில்லை. ஆனால் கிளையை விலக்கினால் ஒரு நொடி நின்று கொடுக்கப் பழகிவிட்டேன்.

இவர் நெடும்பாறைக்குப் போகலாம் என்கிறார். "பயந்துகினே இருந்தா அது உன்ன வுடவே வுடாது" என்கிறார். இரண்டு வாரம் சண்டை. கடைசியில் சரி என்றேன். அந்த இடத்தை நான் பார்க்க வேண்டும். ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. இது உத்தரவு கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை.

ஜெபராணி


மாரிக்குப்பம்,
9.12.1980

ஜெபா,

போகாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பிடிவாதமாகப் போவதாக இருந்தால் இதைப் படி. உச்சிக்குக் கீழே, பாதை வலது பக்கம் வளைகிற இடத்தில், இடது பக்கம் ஒரு பாறை முற்றம் மாதிரித் தட்டையாக இருக்கும். நிற்கத் தோன்றும். மார்கழி, தை மாசத்தில் பனி ஈரத்தில் அது பாசி பிடித்துக் கிடக்கும். அதன் மேல் கால் வைக்காதே. எஸ்தர் கையை விடாதே.

பவுல்


சேவூர்,
22.1.1981

அன்புள்ள அண்ணா,

இதை நிதானமாகப் படி. உட்கார்ந்து படி.

போனோம். கலசப்பாக்கத்தில் இறங்கி, வயல்வெளியில் அரை மணி நடந்து அடிவாரம் சேர்ந்தோம். பாதி மலை வரை வரிசை சரியாக இருந்தது. அப்புறம் இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. நான்தான் திணறினேன். "நீ மெள்ள வா, நாங்க வளைவுல நிக்கிறோம்" என்று எஸ்தரைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நானும் போகட்டும் என்று விட்டேன். உன் பேச்சை நாங்கள் மீறினது அங்கேதான்.

நீ எழுதின தட்டைப் பாறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அதில் கால் வைக்கவில்லை. பக்கத்திலிருந்த சின்னக் கல்லில் வைத்தேன். வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் மடங்கி, எழ முடியவில்லை. இவருடைய வெள்ளைச் சட்டை ஒரு கல்லெறி தூரத்தில் தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவர் இருமுவது எனக்குக் கேட்டது, எஸ்தர் ஞாயிறு பள்ளிப் பாட்டு பாடுவது கேட்டது. நான் கத்துவது அவர்களுக்குக் கேட்கவே இல்லை! அங்கே காற்று மேலிருந்து கீழே அப்படி அடிக்கிறது. வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கிப் பின்னால் வீசுகிறது. வளைவுக்குப் போய் அவராகத் திரும்பிப் பார்த்துத்தான் ஓடி வந்தார். "ஒண்ணுமே கேக்கலியே ஜெபா, சத்தியமா கேக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று நடந்த விசாரணையில், "எனக்கு எதுவும் கேக்கல. திரும்பிப் பார்த்தா அவ இல்ல" என்று நீ சொன்னாய். அத்தனை பேர் முன்னால் "பொய் சொல்றான், எதையோ மறைக்கிறான்" என்று கத்தினவள் நான். கல்லறையில் உன்னை மண் போட விடாமல் கையைத் தட்டினதும் நான். நீ சொன்னது உண்மை அண்ணா. அவள் கூப்பிட்டிருப்பாள், உனக்குக் கேட்டிருக்காது. பன்னிரண்டு வருஷம் உன்னைக் கொலைகாரன் மாதிரி நினைத்தேன். அந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமே இல்லை. யாரோ முதுகைத் தாங்கின மாதிரி இருந்தது. அவள்தான் என்னை அங்கே உட்காரவைத்துக் காட்டினாள் என்று நினைக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு. ஊருக்கு வா. கால் கட்டுப் போட்டிருக்கிறது. இவர்தான் சமைக்கிறார், சாப்பிடவாவது ஒருத்தர் சாட்சி வேண்டும்.

உன் தங்கை
ஜெபராணி


மாரிக்குப்பம்,
5.2.1981

ஜெபா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் சுரங்கத்துக்குள் போய் வந்தேன். அந்த எட்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்குக் காற்றே இல்லை.

எனக்குக் கேட்டது. மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்றும் கேட்டது.

காலையிலிருந்தே எங்களுக்குச் சண்டை. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கல்யாணத்தில் அவர்கள் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பேசினார்கள் என்று எனக்குக் கோபம். "உங்கம்மா ஊட்டுக்கு எதுக்கு, நான் உன்ன மலைக்குக் கூட்டிப்போறேன்" என்று இழுத்துக்கொண்டு போனேன். நான் வேலை செய்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று பெருமை வேறு. வழியெல்லாம் அவள் அம்மா பேச்சு. நான் பேசுவதை நிறுத்தினேன். வேகமாக நடந்தேன். புதுப் புடவை, புது மெட்டி, பாவம், அவளால் ஈடு கொடுக்க முடியவில்லை.

கூப்பிட்டாள். வேண்டுமென்றே திரும்பவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டது குரல் இல்லை, வேறு சத்தம். அதற்குத்தான் திரும்பினேன்.

நான் அவளைத் தள்ளவில்லை. ஆனால் நின்றிருந்தால் அவள் என்னிடம் வந்திருப்பாள். நீ அன்றைக்குக் கத்தினது சரி. நான் மறைத்தேன்.

இனி நீ எழுத மாட்டாய். கால் சரியாகும் வரை தண்ணீர்க் குடம் தூக்காதே.

பவுல்துரை


சேவூர்,
20.4.1981

அண்ணா,

உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்தேன். ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது, இதைக் கேட்க வேண்டியவள் நானில்லை, அம்மணியின் அம்மா என்று தோன்றியது.

போன சனிக்கிழமை தேவிகாபுரம் போனேன். இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நொண்டிக்கொண்டே போனேன். அவர் பெயர் சின்னம்மாள் என்பதே எனக்கு மறந்து, வழியில் "அம்மணியோட அம்மா ஊடு எது?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டு யாராவது வந்து பல வருஷமாயிருக்கும். நான் விசாரித்த பெண்ணே திகைத்து நின்றாள்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தை நான்தான் படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். நடுவில் நிறுத்தினால் அப்புறம் படிக்க முடியாது என்று தலையைத் தூக்கவே இல்லை. முடித்துவிட்டு, அடிப்பாரா, வெளியே போ என்பாரா என்று காத்திருந்தேன்.

"கேட்டுச்சா அவனுக்கு?" என்றார்.

"கேட்டுச்சாம்."

"நெஜமா கேட்டுச்சா?"

"மூணு தடவையும் கேட்டுச்சுன்னு எழுதிக்கீறாரு."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பிடி. "அப்போ இன்னா சொன்னா எம்பொண்ணு? எழுதலியே அத? கூப்டான்னு எழுதிட்டா ஆச்சா? பன்னண்டு வருஷமா எனக்கு அது ஒண்ணுதாம்மா. கடைசியா இன்னா பேசினாளோ, ஒரு மனுசன் காதுலயும் வுழாம பாறைக்குச் சொல்லிட்டுப் போய்ட்டாளேன்னு. உங்கிட்ட அன்னிக்கு பஸ்ஸாண்ட கேக்கலாம்னு வந்தேன், வாய் வரல. கேட்டவன் ஒருத்தன் கீறான்னா சொல்லச் சொல்லு. வார்த்த மாறாம சொல்லச் சொல்லு."

உன்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதை எழுது.

ஜெபராணி


மாரிக்குப்பம்,
3.5.1981

ஜெபா,

வார்த்தை மாறவில்லை. மாற்ற முடிந்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பேன்.

முதலில், "ஏங்க, நில்லுங்க."

அப்புறம், "கோவமா கீறீங்களா?" கேட்கும்போது சிரித்தாள்.

மூன்றாவதாக, "இங்க வந்து பாருங்களேன், எங்கம்மா ஊரு மலை தெரியுது. நாம போகலன்னா இன்னா, அதுவே வந்து நிக்குது பாருங்க."

அதைப் பார்க்கத்தான் அந்தத் தட்டைப் பாறைக்குப் போயிருக்கிறாள். மறுபடியும் அம்மா ஊரா என்று நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

இவ்வளவுதான்.

பவுல்


சேவூர்,
8.6.1981

அண்ணா,

படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னார். "சிரிச்சாளா?" என்று கேட்டார். சிரித்தாளாம் என்றேன். அழவில்லை. எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். "அங்கேருந்து இந்த மலை தெரிஞ்சுதுன்னா, இங்கேருந்து அது தெரிஞ்சிருக்கணும். நான் அன்னிக்கு பூரா களத்துலதான் இருந்தேன். நிமுந்து பாக்கலியே" என்றார்.

இப்போது அவர் நெடும்பாறைக்குப் போக வேண்டும் என்கிறார். வயது அறுபதுக்குப் பக்கம். பிறந்ததிலிருந்து கோயில் படியைத் தவிர எதிலும் ஏறினதில்லை. இவரும் எஸ்தரும் கூட்டிப்போகிறார்கள். ஜூலை பதினொன்று. என் கணுக்கால் இன்னும் மேட்டில் ஏறாது, நான் வரவில்லை.

"அவனையும் வரச் சொல்லு" என்றார். காலை ஏழு மணிக்குக் கலசப்பாக்கம் பஸ் நிற்கிற இடத்தில் இரு. வராமல் இருந்துவிடாதே.

ஜெபராணி


மாரிக்குப்பம்,
14.7.1981

ஜெபா,

இறங்கினதும் நேரே வேலூர் பஸ் பிடித்துவிட்டேன். காலை ஷிப்ட் என்று மாப்பிள்ளையிடம் சொன்னது உண்மைதான். ஆனாலும் உன் வீட்டுக்கு ஒரு நடை வந்து போயிருக்கலாம். அத்தை முகத்தையும் உன் முகத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கத் தெம்பு இல்லை. அடுத்த மாசம் வருகிறேன். எஸ்தர் பாதிக் கதை சொல்லியிருப்பாள், மீதியை நான் எழுதுகிறேன்.

அத்தை என்னைப் பார்த்தார், பேசவில்லை. சோற்று மூட்டையைக்கூட என்னிடம் கொடுக்காமல் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஏறும்போது அவர்தான் முன்னால், நான் கடைசி. பேசிக்கொண்டே ஏறுகிற வேகம்தான் சரி என்று உனக்கு எழுதினேனே, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறினார். மூச்சு வாங்குகிறதா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. வெறுங்கால். செருப்பு போடச் சொல்லி மாப்பிள்ளை கெஞ்சிப் பார்த்தார்.

அந்த இடத்துக்கு வந்தோம். பாறை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. கீழே புகை மாதிரி ஒரே வெள்ளை மூட்டம். தேவிகாபுரம் மலை தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. நான் கையை நீட்டிக் காட்டினேன். அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவருக்கும் விளிம்புக்கும் நடுவில் நான் நின்றேன். எஸ்தர் என்ன நினைத்தாளோ, தன் பாட்டுக்கு அத்தை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது வழி பார்க்க நான் முன்னால் போனேன். வளைவு தாண்டினதும் பின்னாலிருந்து குரல். "மாப்ள, நில்லு." வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை, எப்போதும் கேட்கிற குரல்தான் என்று நடந்தேன். மறுபடியும் கேட்டது. அந்த இடத்தில் கேட்காமல் வேறு எங்கே கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது தடவையும் கேட்டது. எஸ்தர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அந்தம்மா எவ்ளோ நேரமா கூப்டுறாங்க! காது கேக்கலியா?"

திரும்பினேன். ஜெபா, அங்கே ஆள் இருந்தார். அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் முள்.

மேலே ஏறிப் போனேன். எஸ்தர் பாவாடையிலிருந்த ஊக்கை வாங்கி, குனிந்து எடுத்தேன். முள் இரண்டு தடவை தப்பியது. அவர் வலி என்று சொல்லவில்லை. என் தலையைப் பார்த்து, "நரச்சுப்போச்சே உனக்கு" என்றார். அப்புறம் என் தோளில் கை வைத்து எழுந்தார். அடிவாரம் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பஸ் ஏறும்போது மாப்பிள்ளையிடமும் எஸ்தரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடம் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் நகரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று வேலையில் இருந்தபோது பின்னாலிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முதல் சத்தத்திலேயே திரும்பிவிட்டேன். சுரங்கம் காலியாக இருந்தது. என் விளக்கு எட்டுகிற தூரம் வரை யாரும் இல்லை.

வரட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் அண்ணன்
பவுல்துரை